கதை சொல்லும் உரிமை யாருக்கு?

தொழிலாளருக்குப் பயிற்சி அளிப்போர் மத்தியில் அண்மைக் காலமாக ஒரு புதிய ஞானம் பரவி வருகிறது. விதிகளை வரிசையாக வாசித்துக் காட்டினால் தொழிலாளி மறந்துவிடுகிறான். திரையிலே படமும் புள்ளிவிவரமும் காட்டினால் உறங்கிவிடுகிறான். ஒரு கதையைச் சொன்னாலோ நிமிர்ந்து உட்கார்ந்து கேட்கிறான், கேட்டதை மனத்திலே பதித்துக்கொள்கிறான். ஆதலால் வேலைத்தலப் பாதுகாப்பையும் தொழில்நுட்பத்தையும் இனிமேல் கதை மூலமாகவே போதிக்க வேண்டும் என்பது அந்த ஞானத்தின் சாரம். முகாமைத்துவ ஆலோசகர்கள் இதனைத் தாமே கண்டுபிடித்த புதுமைபோல் எடுத்துரைக்கின்றனர். இதற்கெனக் கைந்நூல்கள் எழுதப்படுகின்றன; வகுப்புகள் நடத்தப்படுகின்றன; கட்டணமும் அறவிடப்படுகிறது.

கதை கற்பிக்கும் என்பதை மறுப்பதற்கு நாம் முன்வரவில்லை. எழுத்து வாசனை அறியாத பாட்டிமாரின் மடியிலிருந்து அறமும் தொழிலும் கற்ற மக்கள் நாம். காமன் கூத்தையும் பொன்னர் சங்கரையும் விடிய விடியக் கண்டு வளர்ந்த மலையகத்து மக்களுக்குக் கதையின் வலிமையை வெளியிலிருந்து வந்தொருவர் விளக்கவேண்டியதில்லை. எமது கேள்வி வேறு. பயிற்சிக்கூடத்திலே கதையைச் சொல்பவர் யார்? யாரைப் பற்றிச் சொல்கிறார்? கதை எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது? முடிந்த பின்னர் எதையேனும் செய்யக் கடமைப்பட்டவர் யார்? இவற்றுக்கு விடை கூறாமல் கதையைக் கையிலெடுப்பது, பழைய அதட்டலைப் புதிய இராகத்திலே பாடுவதேயன்றி வேறல்ல.

பயிற்சிக்கூடங்களிலே வழங்கும் கதைகளின் மாதிரியொன்றை நாமே இங்கு அமைத்துக் காட்டுவோம். ஒரு தொழிலாளி. நல்லவன், ஆனால் அவசரக்காரன். வேலையை விரைவாக முடிக்கும் ஆசையினால் இயந்திரத்தின் காப்புத் தகட்டைக் கழற்றி வைத்தான். ஒருநாள் கண நேரம் கவனம் பிசகியது. மூன்று விரல்கள் போயின. இன்று அவன் மனைவி கண்ணீர் வடிக்கிறாள். பிள்ளையின் படிப்புக் கெட்டது. கதை முடிகிறது, கேட்டவர்கள் பெருமூச்சு விடுகின்றனர். நீதி யாதெனில், அவசரம் ஆபத்து, கவனமே காவல்.

இக்கதையில் பொய் ஒன்றும் இல்லாதிருக்கலாம். விரல்கள் போனதும் கண்ணீர் வடிந்ததும் மெய்யே. ஆனால் கதை தொடங்கவேண்டிய இடத்தில் தொடங்கவில்லை. அந்த அவசரத்தை அவனுக்குக் கொடுத்தவர் யார்? ஒரு நாளில் இத்தனை என்று எண்ணிக்கை விதித்தவர் யார்? காப்புத் தகட்டோடு வேலை செய்தால் அந்த எண்ணிக்கையை எட்ட முடியுமா என்று எவரேனும் ஒருமுறை பார்த்தனரா? தகடு கழன்றிருந்ததை மேற்பார்வையாளர் அன்றுதான் கண்டாரா, ஆறு மாதமாகக் கண்டும் காணாதவர்போல் இருந்தாரா? இயந்திரத்தை நிறுத்தித் துப்புரவு செய்ய ஒதுக்கப்பட்ட நேரம் எவ்வளவு? அன்று அவன் எத்தனையாவது மணித்தியாலமாக அங்கே நின்றான்? இவற்றுள் ஒன்றையேனும் கேட்கத் தொடங்கினால் கதையின் நாயகன் மாறிவிடுகிறான், குற்றவாளியும் மாறிவிடுகிறான்.

இது வெறும் இலக்கிய விவாதமன்று. காசு சம்பந்தப்பட்ட விவகாரம். 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் வேலையிலே காயமுற்றவருக்கு நட்டஈடு வழங்க வழி செய்தது. அதே சட்டம், மரணம் விளையாத காயங்களில், பாதுகாப்புக்கென விதித்த கட்டளையை வேண்டுமென்றே மீறியதாலோ, காப்புச் சாதனத்தை வேண்டுமென்றே அகற்றியதாலோ நேர்ந்தவற்றுக்கு முதலாளி பொறுப்பாகார் என்ற விதிவிலக்கையும் உள்ளே வைத்தது. ஆகவே, ‘அவன் தானே தகட்டைக் கழற்றினான்’ என்ற வசனம் கதையின் ஒரு வரி மாத்திரமன்று. ஒரு குடும்பத்தின் சோற்றைத் தீர்மானிக்கக்கூடிய வரி. அந்த வரியை ஆண்டுதோறும் பயிற்சியிலே கேட்டுக் கேட்டுப் பழகிய தொழிலாளி, தன் விரல் போகும் நாளிலே தானாகவே தலை குனிந்து ‘என் பிழைதான்’ என்கிறான். இத்தகைய பயிற்சி அவனுக்குக் கற்பித்தது பாதுகாப்பையா, பணிவையா?

இந்தக் கதைக்கு ஒரு மூதாதையும் உண்டு. அமெரிக்க காப்புறுதிக் கொம்பனியொன்றிலே கடமையாற்றிய ஹெர்பர்ட் ஹைன்றிச் என்பவர் 1931ஆம் ஆண்டில் கைத்தொழில் விபத்துத் தடுப்புப் பற்றி நூலொன்றை வெளியிட்டார். எழுபத்தையாயிரம் விபத்துக்களை ஆராய்ந்ததாகக் கூறிய அவர், நூற்றுக்கு 88 விபத்துக்கள் மனிதரின் பாதுகாப்பற்ற செயலால் நேர்ந்தவை, 10 மாத்திரமே பாதுகாப்பற்ற நிலைமையால் நேர்ந்தவை, எஞ்சிய 2 தவிர்க்க முடியாதவை எனக் கணக்கிட்டார். இக்கணக்கு எதிலிருந்து வந்தது? காப்புறுதிக் கோவைகளிலிருந்தும் தொழிற்சாலை உடைமையாளரின் பதிவுகளிலிருந்தும் வந்தது. காயமுற்றவனின் வாக்குமூலத்திலிருந்தன்று. ஒரு தரப்பின் ஏட்டைப் புரட்டினால் ஒரு தரப்பின் கதையே கிடைக்கும் என்பதை அறிய ஆராய்ச்சி வேண்டியதில்லை. ஆயினும் அந்த 88 என்ற எண் தலைமுறை தலைமுறையாகப் பயிற்சிக்கூடங்களிலே வேதவாக்காக ஓதப்பட்டது.

ஒரே விபத்தை இரண்டு விதமாகச் சொல்லலாம் என்பதற்கும், எவ்விதமாகச் சொல்கிறோம் என்பதைப் பொறுத்தே பின்விளைவு அமையும் என்பதற்கும் வரலாறு தரும் சான்று ஒன்றுண்டு. 1911ஆம் ஆண்டு மார்ச் 25ஆம் திகதி நியூயோர்க் நகரத்திலே டிறையாங்கிள் என்ற சட்டைத் தொழிற்சாலையில் தீப்பிடித்து 146 பேர் மாண்டனர். பெரும்பாலோர் பிற நாடுகளிலிருந்து பிழைப்புத் தேடி வந்த இளம் பெண்கள். வெட்டுத்துணிக் குவியலில் எவரோ எறிந்த சிகரெட்டுத் துண்டோ தீக்குச்சியோ பற்றிக்கொண்டிருக்கலாம் என்பர். பயிற்சிக்கூடக் கதைஞர் கையிலே இது அகப்பட்டிருந்தால், ‘ஒரு சிகரெட், 146 உயிர்’ என்று தலைப்பிட்டுக் கண்ணீர் மல்கச் சொல்லி முடித்திருப்பார்.

ஆனால் உயிர் தப்பிய பெண்கள் வேறு கதை சொன்னார்கள். ஒன்பதாம் மாடியில் ஒரு கதவு பூட்டிக் கிடந்தது. துணி திருடப்படாதிருக்க ஒரே வழியாக வெளியேற்றிப் பைகளைச் சோதிப்பது அங்கே வழக்கம். வெளிப்புறத்து இரும்புப் படிக்கட்டு பாரம் தாங்காமல் சரிந்தது. தீயணைப்புப் படையின் ஏணி ஆறாம் மாடி வரைதான் எட்டியது. தீயோ எட்டாம் மாடிக்கு மேலே எரிந்தது. இதற்கு முன்னர், 1909ஆம் ஆண்டிலே, அதே தொழிற்சாலைப் பெண்கள் வேலைநிறுத்தம் செய்தவர்கள். உடைமையாளர் இருவரும் 1911ஆம் ஆண்டு டிசெம்பரில் வழக்கிலிருந்து விடுதலை பெற்றனர். எனினும் தொழிலாளரின் கதை ஓயவில்லை. நியூயோர்க் மாநிலம் விசாரணைக் குழுவொன்றை நியமித்தது. குழுவினர் தொழிற்சாலைகளுக்கே நேரிற் சென்று பார்த்தனர். தொழிலாளரின் சாட்சியத்தைக் கேட்டனர். அடுத்த சில ஆண்டுகளில் முப்பதுக்கும் மேற்பட்ட சட்டங்கள் பிறந்தன. பெண்கள் யன்னலிலிருந்து குதித்து மடிந்ததைத் தெருவில் நின்று கண்ட பிரான்சிஸ் பேர்க்கின்ஸ் அம்மையார் அப்பணியிலே பங்கு கொண்டார்; 1933ஆம் ஆண்டில் அந்நாட்டின் தொழில் மந்திரியுமானார். சிகரெட்டின் கதையால் ஒரு கதவும் திறந்திராது. பூட்டிய கதவின் கதையே கதவுகளைத் திறந்தது.

நூறாண்டுக்கு முந்திய சங்கதி என்று எவரும் தள்ளிவிட வேண்டாம். 2013ஆம் ஆண்டு ஏப்ரில் 24ஆம் திகதி வங்காளதேசத்திலே ரானா பிளாசா என்ற கட்டடம் இடிந்து 1,100க்கும் மேற்பட்டோர் மாண்டனர். முதல் நாளே சுவர்களில் வெடிப்புத் தோன்றியது. கீழ்த்தளத்துக் கடைகளும் வங்கியும் மூடப்பட்டன. மேல்மாடிகளிலே இருந்த ஆடைத் தொழிற்சாலைகளின் தொழிலாளர் மாத்திரம் மறுநாள் வேலைக்கு அழைக்கப்பட்டனர். அவர்களுக்கு எப்பயிற்சி குறைவாயிருந்தது? வெடிப்பைக் கண்டார்கள், அதன் பொருளை அறிந்தார்கள், பலர் உள்ளே செல்லத் தயங்கினார்கள். அவர்களிடம் இல்லாதது அறிவன்று; ‘மாட்டோம்’ என்று சொல்லும் பலம். அந்த அழிவின் பின் எழுந்த தீ மற்றும் கட்டடப் பாதுகாப்பு ஒப்பந்தம், பாதுகாப்பற்ற இடத்தில் வேலை செய்ய மறுக்கும் உரிமையையும் எழுத்திலே பொறித்தது. அந்தப் பலத்தைத் தராத எந்தக் கதையும், மூழ்கும் தோணியிலிருப்பவனுக்கு நீச்சலின் மகிமையைப் பாடிக் காட்டுவதற்கு ஒப்பாகும்.

அவ்வாறாயின் கதையால் பயனில்லையா என்று வினவலாம். உண்டு, பெரும் பயன் உண்டு. வேலை செய்பவரே வேலை செய்பவருக்குச் சொல்லும்போது உண்டு.

ஸெரொக்ஸ் கொம்பனியின் பிரதி இயந்திரங்களைத் திருத்தும் தொழிலாளரோடு கூடவே திரிந்து அவர்களது வேலையை ஆராய்ந்தார் ஜூலியன் ஓர் என்னும் மானிடவியலாளர். அவருடைய நூல் 1996ஆம் ஆண்டில் வெளிவந்தது. கொம்பனி அவர்களுக்குப் படிப்படியாக வழிகாட்டும் தடித்த கைந்நூல்களைக் கொடுத்திருந்தது. ஆனால் இயந்திரங்களோ கைந்நூலை வாசித்துப் பழுதாகவில்லை. நூலில் இல்லாத பழுது வந்தபோது தொழிலாளர் என்ன செய்தார்கள்? காலை உணவு வேளையிலும் மதிய உணவு வேளையிலும் கூடியிருந்து, ‘அந்த இடத்து மெசின் ஒருமுறை இப்படித்தான் செய்தது’ என்று ஒருவருக்கொருவர் கதை சொன்னார்கள். அக்கதைகளே அவர்களது பாடநூல். பழுதைக் கண்டறிவதே கதையைச் சிறிது சிறிதாகக் கட்டியெழுப்பும் முயற்சியாக இருந்தது. மேலிருந்து பார்ப்பவர் கண்ணுக்கு இது வேலை நேரத்தை விழுங்கும் வீண் பேச்சாகவே தெரிந்திருக்கும். பின்னர் கொம்பனி இதனை உணர்ந்து, தொழிலாளர் கண்ட உபாயங்களை அவரவர் பெயரோடு பதிந்துவைக்கும் ஏற்பாட்டைச் செய்தது. சக தொழிலாளரே அவற்றைச் சோதித்து ஏற்றனர்.

இன்னொரு துறையைப் பார்ப்போம். 1974ஆம் ஆண்டு டிசெம்பர் முதலாந் திகதி அமெரிக்கத் தலைநகரை நெருங்கிய விமானமொன்று மலையிலே மோதி 92 பேர் மாண்டனர். இறங்குவதற்குக் கிடைத்த அனுமதியை விமானிகள் ஒருவாறும் தரையிலிருந்த கட்டுப்பாட்டாளர் வேறொருவாறும் விளங்கிக்கொண்டதே அதற்கு ஒரு காரணம். பின்னர் வெளிவந்த உண்மை நெஞ்சை உலுக்குவது. ஆறு வாரத்துக்கு முன்னர் வேறொரு கொம்பனியின் விமானம் அதே இடத்தில், அதே மயக்கத்தால், மயிரிழையிலே தப்பியிருந்தது. அந்த விமானிகள் தமது அனுபவத்தைச் சொன்னார்கள். அவர்களது கொம்பனி தன் விமானிகளை எச்சரித்தது. கதை அந்த மதிலைத் தாண்டவில்லை. தாண்டியிருந்தால் 92 பேர் பிழைத்திருக்கக்கூடும். இதன் பின்னரே 1976ஆம் ஆண்டில், விமானிகள் தாம் விட்ட பிழைகளை அச்சமின்றிச் சொல்வதற்கான அமைப்பு உருவாயிற்று. அதனைத் தண்டனை விதிக்கும் அதிகாரபீடத்திடம் ஒப்படைக்கவில்லை. நாசா நிறுவனத்திடம் ஒப்படைத்தார்கள். சொன்னவரின் பெயர் நீக்கப்படுகிறது. கதை மாத்திரம் எல்லோரையும் சென்றடைகிறது.

இவ்விரு உதாரணங்களும் சேர்ந்து ஒரு நியதியைக் காட்டுகின்றன. திறமையின் கதைக்குச் சொன்னவன் பெயர் வேண்டும். பிழையின் கதைக்குப் பெயர் வேண்டியதில்லை. எமது வேலைத்தலங்களில் நடப்பதோ இதற்கு நேர்மாறு. தொழிலாளி கண்ட உபாயம் பெயரின்றி நிர்வாகத்தின் சாதனையாகிவிடுகிறது. அவன் விட்ட பிழை மாத்திரம் பெயரோடும் ஊரோடும் படத்தோடும் பயிற்சிக்கூடத்திலே காட்சிக்கு வைக்கப்படுகிறது.

இனி எமது மலைகளுக்கு வருவோம். தோட்டத்திலே பெரட்டுக்களம்தான் பழைய பள்ளிக்கூடம். விடியற்காலையிலே அங்கு பேர் பதியப்படுகிறது. இன்ன மலைக்குப் போ, இத்தனை கிலோ எடு என்று கட்டளை பிறக்கிறது. அங்கே வாய் ஒரு பக்கத்துக்கும் செவி மறு பக்கத்துக்கும் என்று பங்கிடப்பட்டிருக்கிறது. ‘அந்த மலையிலே குளவி கூடு கட்டியிருக்குங்க ஐயா’ என்று ஒரு தாய் சொன்னால், அது கதையாகக் கேட்கப்படுவதில்லை, சாட்டாகக் கேட்கப்படுகிறது. நிறை எட்டாவிட்டால் அரைப்பேர் விழும் என்ற அச்சமோ அவளை அதே மலைக்கு ஏற்றுகிறது. குளவி கொட்டி அவள் வைத்தியசாலையில் கிடக்கும்போது, குளவியைக் கண்டால் செய்யவேண்டியவை யாவை என்று வகுப்பு நடத்துவதிலே என்ன பெருமை? கூட்டை முன்னரே கண்டவள் அவள். முன்னரே சொன்னவளும் அவள். வகுப்பிலே உட்காரவேண்டியவர் வேறொருவர்.

1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் இயந்திரங்களுக்கு வேலியிடச் சொன்னது. ஆயினும் அது இயற்றப்பட்டபோது தொழிற்சாலையின் நான்கு சுவர்களையே கருதியது. கொழுந்து பறிக்கும் மலைச்சரிவைக் கருதவில்லை. சட்டத்தின் கண்ணுக்கு எட்டாத அந்தச் சரிவிலே நடப்பதை உலகறியச் செய்ய, அங்கு நிற்பவளின் வாய்மொழியைவிடச் சிறந்த சாதனம் வேறெது?

இதற்கான முன்மாதிரியை நாம் அந்நிய நாட்டிலே தேடவேண்டியதில்லை. 1930களில், தோட்டத்துக்குள் தொழிற்சங்கவாதி காலடி வைப்பதே குற்றமாகக் கருதப்பட்ட காலத்தில், கோ. நடேசய்யர் ‘தொழிலாளர் அந்தரப் பிழைப்பு நாடகம்’ எழுதினார். அவருடைய துணைவியார் மீனாட்சியம்மை கூட்டங்களிலே பாட்டுப் பாடித் தொழிலாளரைத் திரட்டினார். அவர்களும் கதையையும் பாட்டையும் கொண்டே மக்களுக்குக் கற்பித்தனர். ஆனால் அவர்கள் கற்பித்த பாடம் ‘கவனமாயிரு’ என்பதன்று. ‘உன் நிலையை அறி, உன் உரிமையைக் கேள்’ என்பது. கதையால் தொழிலாளருக்குப் பயிற்சி அளித்தல் என்ற கலையை இம்மண்ணிலே தொடங்கியோர் யார் என்று ஆலோசகர்கள் கேட்பார்களானால், இந்த இருவரையும் நாம் சுட்டிக்காட்டுவோம்.

எம்மைப் பார்த்துச் சிலர் ஓர் ஆட்சேபம் எழுப்பக்கூடும். தொழிலாளி பிழையே விடுவதில்லையா? எல்லாவற்றுக்கும் நிர்வாகத்தையே குறை கூறினால் அவனுக்குப் பொறுப்புணர்ச்சி எங்கிருந்து வரும்? பிழை விடுகிறான், மனிதனாகப் பிறந்த எவனும் விடுகிறான். களைத்த கண் சொக்கும். பழகிய கை மறக்கும். அது இயற்கை. இயற்கையை அறிந்த பின்னரும், ஒரு கணப் பிசகுக்கு மூன்று விரல்களை விலையாகக் கேட்கும் இயந்திரத்தை அப்படியே ஓடவிடுவதுதான் பொறுப்பின்மை. பாதுகாப்புத் துறையின் அறிஞர்களே வகுத்த வரிசை ஒன்றுண்டு. ஆபத்தை அறவே அகற்றுவது முதலாவது. இயலாவிடின் ஆபத்துக் குறைந்ததை அதன் இடத்தில் வைப்பது. அதன் பின் வேலியிடுவது. அதன் பின்னரே பயிற்சியும் விதிமுறையும். கையுறையும் தலைக்கவசமும் இறுதியானவை. கடைப்படியிலே ஏறி நின்றுகொண்டு அற்புதமான கதை சொல்பவரிடம், முதற்படிக்கு என்ன செய்தீர் என்று கேட்கும் உரிமை எமக்குண்டு.

ஆதலால் நாம் கோருவன இவை. கதையை அதனை அனுபவித்தவரே சொல்லட்டும். அவர் விரும்பினால் மாத்திரம் சொல்லட்டும். அவர் தம் சொந்தப் பேச்சிலே சொல்லட்டும். லயத்துத் தமிழைத் திருத்தி எழுத எவரும் முற்படவேண்டாம். சொன்னதற்காக ஒரு நாட் சம்பளமேனும் வெட்டப்படலாகாது. கதை கேட்கும் வரிசையிலே மேற்பார்வையாளரும் துரையும் முகாமையாளரும் உட்காரட்டும். அவர்கள் வாய் மூடிக் கேட்கும் ஒரு மணித்தியாலமே சிறந்த பயிற்சியாக அமையும். இறுதியாக, கதையின் முடிவிலே ‘இதிலிருந்து பெறும் நீதி யாது’ என்ற கேள்வி ஒழியட்டும். ‘இதனை யார், எந்தத் திகதிக்கு முன், திருத்தித் தருவார்’ என்ற கேள்வி அதன் இடத்தைப் பெறட்டும். விடையை எழுதிச் சுவரிலே ஒட்டட்டும்.

எழுத்தாளத் தோழருக்கும் ஒரு வார்த்தை. பயிற்சிக்கான கதைகளை எழுதித் தரும்படி நிறுவனங்கள் இன்று பேனா பிடித்தவர்களை நாடுகின்றன. கூலிக்கு எழுதுவது குற்றமென்று நாம் கூறவில்லை. எழுத்தாளனுக்கும் வயிறு உண்டு. ஆனால் நிர்வாகம் தரும் குறிப்பை மாத்திரம் மேசையில் வைத்துக்கொண்டு, காணாத ஒருவனின் வெட்டுண்ட விரலுக்கு உவமை தேடும்போது, நாம் எந்தப் பக்கத்தில் நிற்கிறோம் என்று ஒருமுறை நினைத்துப் பார்ப்பது நன்று. மக்கள் வாழ்வையே இலக்கியமாக்குவோம் என்று மேடைகளிலே முழங்கியவர்கள் நாம். அந்த முழக்கம் மெய்யாயின், எழுத உட்காருமுன் லயத்துக்குச் செல்வோம். விரலிழந்தவனின் வாசலில் அமர்வோம். அவன் கதையை அவன் தொடங்கும் இடத்திலிருந்தே கேட்போம். அவன் பெரும்பாலும் விபத்து நடந்த நிமிடத்திலிருந்து தொடங்கமாட்டான். அதற்குப் பல நாட்களுக்கு முன்னர், தகடு தளர்ந்திருக்கிறது என்று தான் போய்ச் சொன்ன அந்தக் காலையிலிருந்தே தொடங்குவான்.